பாம்பைப் பற்றி மட்டும் உண்மை

மெஸ் அக்கா பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஆடி மாதத்து மதியம். ஸ்ரீரங்கத்தில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியின் சமையலறையில் பந்தி முடிந்து, பாத்திரங்களெல்லாம் கவிழ்ந்து கிடந்தன. ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் பிடிக்கப் போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அது கட்டிப் பெருங்காயம். மூடியைத் திறந்தால் மாடி வரை மணம் ஏறும். அக்கா ஒருமுறை மூச்சை இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை இழுத்தார். பிறகு டப்பாவை ஆட்டிப் பார்த்தார், உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று. வாசலில் நின்ற எனக்கே தும்மல் வந்தது. அவர் முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. அந்த நொடியில்தான் எனக்கு அந்த யோசனை தோன்றியது: இவரை அழைத்துக்கொண்டு போய் ஒரு பச்சைப் பாம்பைக் காட்ட வேண்டும்.

இப்படி ஒரு யோசனை மற்ற யாருக்கு வந்திருந்தாலும் நானே சிரித்திருப்பேன். நான் விலங்கியல் முதுகலை முடித்த கையோடு தில்லைநகர்ப் பக்கம் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் பாம்பு மிஸ். வாயைத் திறந்தால் ஊர்வனவும் நீர்நில வாழ்வனவும்தான் வரும். தவளை இரையை விழுங்கும்போது கண்களை உள்ளே இழுத்து, அந்தக் கண்களாலேயே இரையைத் தொண்டைக்குள் தள்ளுகிறது. வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது, நாக்கால்தான் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். முதலைக் குட்டி ஆணா பெண்ணா என்பதை முட்டை கிடந்த மணலின் சூடு முடிவு செய்கிறது. சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு பரிமாறக் காத்திருப்பவரிடம்கூட இதையெல்லாம் சொல்லியாக வேண்டும் எனக்கு. விடுதியில் நாற்பது பெண்கள். பாதிப் பேர் என்னைப் பார்த்ததும் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போவார்கள். அக்கா மட்டும் கேட்பார். கேட்டுவிட்டு, கரண்டியை விளிம்பில் தட்டி, "சரி, அதுக்கு உப்பு பத்துமா?" என்பார்.

அவருக்கு அப்போது நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். சொந்த ஊர் ஜீயபுரம். கணவர் இல்லை. அண்ணன் குடும்பத்தோடு சில வருடங்கள் இருந்துவிட்டு, அங்கே மூன்று வேளையும் இன்னொருவர் அடுப்பில் சமைத்து, சாப்பிட்டாயா என்று யாரும் கேட்காத ஒரு நாளில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்தவர். சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறை அவருடையது. அதன் சாவியை ஒரு கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். வாழ்க்கையில் தன் பெயருக்கு என்று கிடைத்த முதல் சாவி இதுதான் என்று ஒருமுறை சொன்னார், பெருமையாகவும் இல்லாமல் வருத்தமாகவும் இல்லாமல், அரிசி களைந்துகொண்டே.

அவர் கைக்கு ஒரு ருசி இருந்தது. விடுதிச் சாப்பாடு என்றாலே முகம் சுளிப்பவர்கள்கூட வியாழக்கிழமை மிளகுக் குழம்புக்காக வெளியே சாப்பிடும் திட்டங்களை ஒத்திப்போடுவார்கள். அதன் ரகசியம் என்ன என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான். பத்து வயதில், ஜீயபுரத்தில் வாய்க்காலோரத்து நொச்சி வேலியில் கிடந்த ஒரு பச்சைப் பாம்பை அவருடைய அம்மா ஒரு கையால் கிளையோடு தாழ்த்திப் பிடித்து, மகளின் வலது கையால் தலையிலிருந்து வால் வரை மூன்று முறை உருவச் சொன்னாராம். பச்சைப் பாம்பை உருவிய பெண்ணின் கைப்பக்குவம் சாகும்வரை போகாது என்று அந்தப் பக்கத்தில் நம்பிக்கை. எங்கள் வீட்டுப் பக்கமும் உண்டு, நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

அக்கா அதைச் சொன்ன ஓர் இரவுச் சாப்பாட்டின்போது, நாற்பது பேர் முன்னால், நான் ஆரம்பித்தேன். பாம்பின் தோல் வழவழப்பானதே இல்லை, காய்ந்த செதில், அதில் கைக்கு ஒட்டிக்கொள்ள எதுவும் கிடையாது. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பிணம் எரிவதைப் பார்க்கும் என்கிற கதையும் இதுவும் ஒரே ரகம். அந்தப் பாவத்துக்கு விஷமே கிடையாது. பச்சைப் பாம்பு கண்ணைக் குத்தும் என்பதும் அப்படித்தான், அதன் ஊசி மூக்கைப் பார்த்துப் பயந்தவர்கள் கட்டிய கதை. மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ரசத்தை ஊற்றிவிட்டு, "பாத்து பேசு பாம்பு டீச்சர், அது கேட்டுக்கிட்டிருக்கப் போவுது" என்றார். பாம்புக்கு வெளிக்காது கிடையாது, தாடை எலும்பு வழியாக அதிர்வைத்தான் முக்கியமாக உணரும் என்று அதற்கும் பதில் சொன்னேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே ஒரு கரண்டி மிளகாய்ப் பொடி போட வேண்டும்போல இருக்கிறது.

அடுத்த மாதம் விடுதியில் காய்ச்சல் ஒரு சுற்று வந்தது. எல்லோருக்கும் மூன்று நாளில் போயிற்று. அக்காவுக்கும் போயிற்று, போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. முதலில் சளி என்று நினைத்தார். இரண்டு வாரம் கழித்து, அடுப்பில் கூட்டு அடிப்பிடித்து மாடியில் இருந்தவர்கள் இறங்கி வந்து சொல்லும் வரை அதே அடுப்புக்கு முன்னால் நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் என்னைக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில், யாரிடமும் சொல்லாதே என்று விஷயத்தைச் சொன்னார். நாக்குக்கு உப்பு தெரிகிறது, புளிப்பு தெரிகிறது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. எல்லாமே உப்புப் போட்ட வெந்நீர். மூக்கு டாக்டரிடமும் போய் வந்திருந்தார்; திரும்பி வரும், நாளாகும், வாசனையுள்ள சாமான்களைத் தினமும் முகர்ந்து பழகுங்கள் என்றிருந்தார் அவர். எவ்வளவு நாள் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. வார்டன் அம்மாவுக்குத் தெரிந்தால் வேறு ஆளைப் போடுவார், தெரியாமல் இருக்கும்வரை இந்தச் சாவி இருக்கும். பரிமாறுவதற்கு முன்னால் நான் வந்து ருசி பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பெருமையாக ஒப்புக்கொண்டேன். முதல் நாள் சாம்பாரில் பொடியின் பச்சை வாசனை போகவே இல்லை. கரண்டியை நீட்டிக்கொண்டு அக்கா என் முகத்தையே பார்த்தார். தேர்வு முடிவு ஒட்டும் பலகைக்கு முன்னால் நிற்கும் பிள்ளைகளின் முகம் அது. நான் நல்லா இருக்குக்கா என்றேன். மறுநாள் ரசத்தில் பெருங்காயம் மூன்று மடங்கு. அதற்கும் நல்லா இருக்கு. பாம்புக்குக் காது இல்லை என்பதை நாற்பது பேர் நடுவில் சொல்லாமல் இருக்க முடியாத எனக்கு, சாம்பார் கொதிக்கவில்லை என்று ஒரே ஒருவரிடம் தனியாகச் சொல்ல முடியவில்லை. பத்து நாள் இப்படிப் போயிற்று. தட்டுகளில் மீதி சேர ஆரம்பித்தது. ஒரு காலையில் வார்டன் அம்மா அக்காவைக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல், புகார்களை ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார். பதினெட்டாம் பெருக்கு வரை பார்க்கலாம், அன்றைக்குக் கலந்த சாதமும் சரியில்லை என்றால் முசிறியிலிருந்து ஓர் அம்மா வரத் தயாராக இருக்கிறார் என்றும் சொல்லியிருக்கிறார்.

அக்கா நேராக என்னிடம் வந்தார். நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"பாம்பைப் பத்தி மட்டும்தான் உண்மை சொல்லுவியா நீ?"

அவ்வளவுதான் கேட்டார். பிறகு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காவது நாள்தான் அந்தப் பெருங்காய டப்பா.

ஞாயிற்றுக்கிழமை ஜீயபுரம் போகலாம், பச்சைப் பாம்பு தேடிக் கொடுக்கிறேன் என்று நான் சொன்னபோது அக்கா டப்பாவை மூடிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். நீதானே எல்லாம் பொய் என்றாய் என்று கேட்டார். இப்போதும் பொய் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் உங்களுக்கு அது வேண்டும் என்றால் அது எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றேன். இரண்டு வாரத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் உண்மை அது. அவர் சிரிக்கவில்லை. எத்தனை மணிக்கு பஸ் என்று மட்டும் கேட்டார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அக்கா கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வந்து நின்றார். விடுதியில் ஒருத்தியிடம் இரவல் வாங்கியது. கறுப்பாக, முகத்தில் பாதியை மறைக்கும் அளவுக்கு இருந்தது. கண்ணைக் குத்தாது என்று நான் எவ்வளவு சொல்லியும், குத்தாது என்று அதற்கு யார் சொன்னது என்றார். பஸ்ஸில் கண்டக்டர் எங்களை இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். வழி முழுக்கக் காவிரி நிறைந்து ஓடியது. வாழைத் தோட்டங்களில் இலைகள் கிழிந்து படபடத்தன. அண்ணன் வீட்டுத் தெருவைத் தவிர்த்துவிட்டு, வாய்க்கால் கரை மேல் அக்கா என்னை விட வேகமாக நடந்தார்.

ஆடிக் காற்றில் பச்சைப் பாம்பைத் தேடுவதைப் போல வெட்டி வேலை வேறு இல்லை. கொடிபோல இருக்கும் பாம்பு அது; காற்று வீசும்போது கொடி ஆடுகிற மாதிரியே தானும் ஆடும். அன்றைக்கு வேலி முழுவதும் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் நொச்சியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். கடைசியில் அக்காதான் கண்டுபிடித்தார். காற்று சட்டென்று நின்ற ஒரு கணத்தில், நிற்காமல் இன்னும் ஆடிக்கொண்டிருந்த ஒரு கொடியைக் காட்டி என் கையை இறுக்கினார்.

அரை ஆள் உயரத்தில், எங்களைப் பார்த்தபடி இருந்தது. பெரும்பாலான பாம்புகளால் இரண்டு கண்ணாலும் ஒரே இடத்தை நன்றாகப் பார்க்க முடியாது. இதனால் முடியும், கண்ணுக்கு முன்னால் மூக்கோடு ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறது, பார்வை அதன் வழியாக நேரே வரும். கண்மணியோ படுக்க வைத்த சாவித்துவாரம். நாக்கை முழுதாக வெளியே நீட்டி, அசைக்காமல், அப்படியே வைத்திருந்தது. அக்கா கூலிங் கிளாஸை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்த நாக்கையே பார்த்தார். என்ன செய்கிறது என்று கேட்டார். முகர்கிறது என்றேன். காற்றில் இருப்பதை நாக்கின் இரண்டு நுனியிலும் ஒட்டி எடுத்து, உள்ளே இழுத்து, மேலண்ணத்தில் இருக்கும் ஓர் உறுப்புக்குக் கொடுக்கும். அங்கேதான் வாசனை தெரியும். எந்த நுனியில் அதிகம் என்பதை வைத்து இரை எந்தப் பக்கம் என்று கண்டுகொள்ளும். வழக்கமாக இதை மூச்சுவிடாமல் சொல்வேன். அன்றைக்கு மெதுவாகத்தான் வந்தது.

அக்கா வலது கையை நீட்டினார். தடுப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. காட்டுயிரைத் தொடக் கூடாது, சட்டமும் உண்டு. இதன் விஷம் பல்லி, தவளை அளவுக்குத்தான் என்றாலும் கடித்தால் கை வீங்கும். இதையெல்லாம் விட எனக்கு இன்னொன்று பயமாக இருந்தது. உருவிவிட்டு வந்து, நாளைக் காலையும் ஒன்றும் மணக்கவில்லை என்றால் இவருக்கு மிச்சம் என்ன இருக்கும்? கை ஒரு முழ தூரத்துக்கு வந்ததும் பாம்பு கழுத்தை உப்பிக்கொண்டது. பச்சைச் செதில்கள் விலகி, இடையில் இருந்த கறுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. வாயைப் பிளந்தது. அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அப்படியே அந்தரத்தில் நிறுத்திவிட்டு அதன் முகத்தைப் பார்த்தார்.

"அதுவே பயந்துபோயி நிக்குது. அதுகிட்டப் போயி நான் என்னத்தக் கேக்குறது" என்றார்.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தொடாத கையைத்தான், திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அறுந்த பல்லி வால் மறுபடி முளைப்பது நினைவுக்கு வந்துவிட்டது. வந்தால் சொல்லாமல் இருக்க முடியாது. முளைக்கிற வால் பழைய வால் இல்லை, அதற்குள் முதுகெலும்பு இருக்காது, குருத்தெலும்பில் ஒரு குழாய்தான், நிறமும் கொஞ்சம் மாறும். ஆனால் பல்லி அதை வைத்துக்கொண்டு நன்றாகவே ஓடும். மனிதர்களுக்கு நரம்புச் செல் செத்தால் பெரும்பாலும் செத்ததுதான், ஆனால் மூக்கின் உச்சியில் வாசனைக்கென்று இருக்கிற நரம்புச் செல்கள் மட்டும் விதிவிலக்கு, அவை புதிதாக முளைக்கக்கூடியவை. டாக்டர் முகரச் சொன்னது அதற்காகத்தான். பழைய மாதிரியே வருமா என்று அக்கா கேட்டார். தெரியாதுக்கா, வாலைப் போல மாறி வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றேன். அக்கா தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, பெருக்கு அன்றைக்குக் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து வர முடியுமா என்று கேட்டார்.

போனேன். நாற்பது பேருக்குப் புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், எல்லாம் பொட்டலம் கட்டிக் காவிரிக் கரை அம்மா மண்டபத்துக்குப் போக வேண்டும். அக்காவுக்குக் கண் இருந்தது, காது இருந்தது. கடுகு வெடித்து ஓய்வதை முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார். புளிக்காய்ச்சலில் எண்ணெய் பிரிவதை நான் பார்ப்பதற்கு முன்னால் பார்த்தார். பிரச்சினை வெந்தயம். புளியோதரைப் பொடிக்கு வெந்தயம் வறுபட்டதற்கும் கருகியதற்கும் நடுவே இருப்பது ஒரு மூச்சு. அதை மூக்குதான் பிடிக்கும். என்னை வாணலிக்கு முன்னால் நிறுத்தினார். நான் அதுவரை வெந்நீர் தவிர எதுவும் வைத்தவள் இல்லை. மூச்சை இழுத்துக்கொண்டே நின்றேன். நல்ல வாசம் வந்தது, இன்னும் கொஞ்சம் வரட்டும் என்று நினைத்தேன், அதற்குள் வேறு ஒரு வாசம் வந்துவிட்டது.

அக்கா கரண்டியோடு என் முகத்தைப் பார்த்தார். பொட்டலம் கட்ட இரண்டு மணி நேரம்கூட இல்லை. நல்லா இருக்கு என்கிற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. பத்து நாள் பழக்கம்.

"கருகிடுச்சுக்கா. நான் லேட்டா சொல்லிட்டேன்."

அக்கா வாணலியைத் தூக்கிக் குப்பைக் கூடையில் கவிழ்த்தார். துடைத்தார். மறுபடி அடுப்பில் வைத்து, மறுபடி ஒரு கை வெந்தயம் போட்டார். "இப்ப சொல்லு. நான் நாக்கு, நீ மூக்கு. பாம்புக்கு ரெண்டும் ஒண்ணுன்னு நீதான சொன்ன" என்றார். இரண்டாம் முறை, வாசம் ஏறத் தொடங்கியதுமே இப்போ என்று கத்திவிட்டேன். அக்கா இறக்கினார். ஒரு வெந்தயத்தை எடுத்துக் கடித்து, கசப்பை நாக்கில் வைத்துப் பார்த்து, சரி என்று மட்டும் சொன்னார். அன்றைக்குக் காவிரிப் படித்துறையில் கூட்டத்துக்கு நடுவே வார்டன் அம்மா இலையில் இருந்த புளியோதரையைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, பொட்டலம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். அக்கா அங்கேயே, கையில் வாளியோடு, தன் மூக்கைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டார். முசிறி அம்மா வரவில்லை. வார்டன் அம்மா சமையலறைச் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டினார்: எந்த நாளில் யார் மூக்கு. நாற்பது பேரும் முறை வைத்து வந்தார்கள்.

இது நடந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் இப்போது துறையூரில் ஒரு பள்ளியில் இருக்கிறேன், நிரந்தர வேலை. இங்கேயும் பாம்பு மிஸ்தான். ஆனால் ஒரு பிள்ளை வந்து எங்கள் தெருப் பாம்பு அப்படிச் செய்தது, இப்படிச் செய்தது என்றால், உடனே பொய் என்பதில்லை. அதை உனக்கு யார் சொன்னார்கள், அப்போது என்ன நடந்தது என்று முதலில் கேட்கிறேன். பாடத்தை விட இதில் எனக்கு அதிகம் கிடைக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு ஸ்ரீரங்கம் போய்விடுவேன். அக்கா அதே அடுப்பில்தான் இருக்கிறார், அதே சாவியோடு. வாசனை எட்டாம் மாதத்தில் வர ஆரம்பித்தது. முதலில் வந்தது ஏலக்காய். அப்புறம் கறிவேப்பிலை. பெருங்காயம் வந்தது, ஆனால் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்த மாதிரி இருக்கிறதாம். காபி இன்னும் எரிந்த டயர். டிகாக்‌ஷன் நிறத்தைப் பார்த்தே நாற்பது பேருக்குப் போட்டுக் கொடுக்கிறார், தான் டீக்கு மாறிவிட்டார். பழைய வால் இல்லைதான், ஆனா ஓடுது என்பார்.

வராமலே இருப்பது மண்வாசனை. இரண்டு மழைக்காலம் ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்த்துவிட்டார். போன மாதம் நான் போயிருந்தபோது, முதல் கோடை மழைக்கு ஜீயபுரம் வயலில் மண்ணுக்குள் மாதக்கணக்காகப் புதைந்து கிடக்கும் தவளைகள் மேலே வரும், அவை வாயால் தண்ணீர் குடிக்காது, ஈர மண்ணில் வயிற்றைப் பதித்துத் தோலாலேயே உறிஞ்சும், நான் படித்திருக்கிறேனே தவிர அந்த நேரத்தில் நேரில் பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா மாவைக் கரைத்துக்கொண்டே கேட்டார். மூடியை வைத்துவிட்டு, மழை வரும்போல இருந்தால் போன் செய், இரண்டு பேரும் போகலாம் என்றார். வயலில் உட்கார்ந்து முகர்ந்தால் ஜன்னலை விடக் கிட்டத்தில் இருக்கும் அல்லவா என்பது அவர் கணக்கு.

"வாசன வரலன்னா வரலன்னு சொல்லுவேன். தவள வரலன்னா நீயும் வரலன்னு சொல்லு. அப்புறம் டீய குடிச்சிட்டு வந்துருவோம்."

இது சித்திரை. மூன்று நாளாக மேற்கே பொழுது சாயும் நேரத்தில் மேகம் கட்டிக் கலைகிறது. அடுத்த முறை கலையாது என்று தோன்றினால், மதியமே அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் திருச்சி பஸ் பிடிப்பதாக இருக்கிறேன்.